கம்ப்யூட்டருக்குள் ஒரு மஞ்சள் பொம்மை

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலம்தானே? இங்கே உன் அக்கா நலம், பட்டறை நலம், என் மகள் மிக மிக நலம். நான் ஒருவன்தான் நலமில்லை. அதற்குக் காரணமும் நீதான்.

"பொண்ணைப் படிக்க வைங்க மாமா, படிக்க வைங்க" என்று உயிரை எடுத்தாயே, படித்து வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? பிளாஸ்டிக் வாளி செய்கிற நம் பட்டறையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் தூக்கி வைத்துவிட்டாள். மெஷின், கம்ப்ரசர், ஒழுகுகிற குழாய் எல்லாம் அச்சு அசலாக அதில் ஓடுகின்றன. கரண்டும் பிளாஸ்டிக்கும் எங்கே வீணாகிறது என்று அதில் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பாளாம். கழிவைப் பாதியாகக் குறைத்தால்தான் பெரிய கம்பெனி நம்மிடம் வாளி வாங்குமாம். நல்ல காரியம்தானே என்று நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நடுவில் மஞ்சளாக ஒரு பொம்மை, தொப்பையோடு இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. "யாரும்மா இந்தக் கோமாளி?" என்றேன். "நீங்கதான்ப்பா" என்றாள்.

அதோடு விட்டாளா? மெஷினைத் தாண்டும்போதெல்லாம் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகை நான் கொஞ்சம் திருகிவிட்டுப் போவேன். அதையும் அந்தப் பொம்மைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உனக்குத் தெரியாததா, என் கை சும்மா இருக்காது, வீட்டில் அடுப்பையே விடமாட்டேன். ஒவ்வொரு திருகலுக்கும் சூடு பழைய நிலைக்கு வருகிறவரை வாளியெல்லாம் நெளிந்து குப்பைக்குப் போகிறதாம். கம்ப்ரசரை மாற்றிப் பார்த்தாளாம், குழாயை அடைத்துப் பார்த்தாளாம், பெரிதாக ஒன்றும் குறையவில்லையாம். "கடைசியா உங்களை அதுலேருந்து எடுத்துட்டுப் பார்த்தேன்ப்பா. கழிவு பாதியாயிடுச்சு!" என்று துள்ளிக் குதிக்கிறாள். உன் அக்காவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், "என்னைக் கேட்டிருந்தா கம்ப்யூட்டரே இல்லாம சொல்லியிருப்பேனே" என்கிறாள்.

சிரிக்காதே மச்சான். கல் கல்லாக நான் கட்டின பட்டறை. அதுல எல்லாம் வேணுமாம், நான் மட்டும் வேண்டாமாம். மனசே விட்டுப்போச்சு, சாப்பாடு இறங்கலை. நீ உடனே கிளம்பி வா. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். "அப்பாவை எடுக்காதே, வேற எதையாவது எடு" என்று சொல். அந்தப் பொம்மையைத் திரும்ப வைக்காதவரை பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் என்னைவிடச் சௌக்கியமாக இருங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து எடுக்கப்பட்ட உன் மாமா

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பொம்மையைத் திரும்ப வைத்திருக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற மெஷினுக்கும் ஒரு திருகு வைத்து, "இதுல எவ்வளவு வேணா திருகுங்கப்பா" என்று என்னிடமே கொடுத்துவிட்டாள். காலையிலிருந்து திருகிக்கொண்டே இருக்கிறேன். மலை மலையாக வாளி நெளிகிறது, ஒரு துண்டு பிளாஸ்டிக் கூட வீணாகவில்லை! பரம சுகம். ஆனால் உன் அக்காதான் பக்கத்தில் நின்று மகளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்: "நம்ம அடுப்புக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்டி."