வலன்ரைன் எடுத்த படமும் முப்பது நாள் கெடுவும்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
21 ஜூன் 2004

ரொறொன்ரோவில் இருக்கும் அன்பு மச்சான் வலன்ரைனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உமது தங்கச்சி செலீனும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இந்தக் கடிதம் முழுக்க நன்றி சொல்லத்தான். எங்கள் வீடு தப்பியது உம்மாலே.

மே முதலாம் திகதி எங்கள் புதுப் பேஸ்மென்ட் மந்திரிப்புச் செபத்துக்கு நீர் வந்தது நினைவிருக்கும். அந்தச் சனிக்கிழமையை விட்டால் பாதருக்கு ஓகஸ்ட்தான் என்றதால், வேலையை ஒழுங்காகப் பாராமலே செலீன் நாள் குறித்துவிட்டா. கொன்ராக்டர் நகுலேஸ்வரனும் "எல்லாம் முடிஞ்சுது அண்ணை" என்று சாமான்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, நாங்கள் போர்த்திய பொன்னாடையோடு ஆறு றோல்ஸ் சாப்பிட்டார். அடுத்த நாள் சுவரில் ஈரம். பாதர் தெளித்த தீர்த்தமென்று செலீன் நாலு நாள் என்னைத் துடைக்க விடவில்லை. ஐந்தாம் நாள் மழை பெய்ய, தீர்த்தம் நிலத்திலும் ஓடியது. நகுலேஸ்வரனைக் கூப்பிட்டால், "அது வெளியில இருந்து வாற தண்ணி அண்ணை, என்ர பொறுப்பில்லை" என்கிறார். "உள்ளுக்கை இருந்து வந்தால் அதுக்குப் பேர் பைப் தம்பி" என்று நானும் விட்டேன் ஒரு கதை. கசிவு திருத்தும்வரை கடைசித் தவணைக் காசு இல்லையென்று பதிவுத் தபாலும் போட்டேன். ஜூன் பத்தாம் திகதி மனிசன் எங்கள் வீட்டின் மேலேயே உரிமை பதிந்துவிட்டார். வீட்டு வேலை செய்தவருக்குக் காசு வராவிட்டால் அப்படிப் பதியலாமாம், முற்றினால் வீட்டையே விற்க வைக்கலாமாம். உமக்குப் போன் எடுத்தால் நீர், "வேலை முடிஞ்சு பதிய நாப்பத்தைஞ்சு நாள் இருக்கு மச்சான், அவன்ர பதிவு சரிதான்" என்று என்னை முழுசாச் சாகடிச்சுப்போட்டீர்.

அழாக்குறையாக லோயர் கத்தரினிடம் போனோம். அவ சிரிச்சா. நாற்பத்தைந்து உங்கள் ஒன்ராறியோக் கணக்காம்; கியூபெக்கில் வேலை முடிந்து முப்பதே நாளாம். ஆனால் நகுலேஸ்வரன் பதிவில் வேலை மே இருபதில் முடிஞ்சதெண்டு எழுதியிருக்கிறார், என்ன செய்ய? அங்கேதான் மச்சான் மந்திரிப்பில் நீர் எடுத்த படங்கள்! "ஆக்களின்ர முகத்திலையெல்லாம் திகதி அடிச்சு வைச்சிருக்கிறீர்" என்று உம்மைப் பகிடி பண்ணினேனே, மன்னித்துக்கொள்ளும். பொன்னாடையும் வாயில் றோல்ஸுமாக நகுலேஸ்வரன், சுற்றிவர முடிந்த பேஸ்மென்ட், மூலையில் சிவப்பாக மே ஒன்று. கத்தரின் மேசையில் தட்டினா. பதிவு பிந்திவிட்டது, கோர்ட்டில் கேட்டு அழிப்பிக்கலாம், கசிவுக்கு ஒரு நிபுணரைக் கூட்டிவந்து காட்டுங்கோ என்றா. செலீன் அங்கேயே அழுதுவிட்டா. எனக்கும் கண் கலங்கியதுதான், உமக்கு எதை ஒளிக்கிறது? நேற்றுப் பூசையில் உமது பேரில் மெழுகுதிரி கொளுத்தினோம்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தேவதாய் உங்கள் எல்லாரையும் தன் அணைப்பில் வைத்திருப்பாவாக.

செய்த உதவி மறவாத,
நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: கடித உறையை ஒட்ட முதல் நகுலேஸ்வரனே வந்து மன்னிப்புக் கேட்டார். படிக்குக் கைபிடி போடுறதெண்டு ஒப்பந்தத்தில இருந்ததாம், மறந்துபோனாராம். பத்து நிமிசத்தில பூட்டித் தந்தார். செலீன் சோறு போட்டா. போகேக்கை, "ஒப்பந்த வேலையெல்லாம் இண்டைக்குத்தான் முடிஞ்சுது எண்டு ஒரு சைன் வையுங்கோ அண்ணை" எண்டார். மனம் நிறைஞ்சிருந்த நேரம், வைச்சிட்டன். கீழே "மிக்க நன்றி" எண்டும் எழுதிக் குடுத்தன். இப்ப இந்தக் கடிதத்தைத் திருப்பி வாசிக்கேக்கைதான் விளங்குது. அந்தச் சைனோட அவருக்குப் பதியிற முப்பது நாள் இண்டைக்குத்தான் தொடங்குது மச்சான். செலீனுக்கு இன்னும் சொல்லேல்லை. அவ கைபிடியைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறா.