ஊசியும் பன்னும் இங்கிலீஷில் போட்ட சண்டை

பெருமதிப்பிற்குரிய துணைத் தேர்வு அலுவலர் அவர்களுக்கு,

மேல்நிலை வகுப்பு ஆங்கில ஆசிரியையும், தங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கு தாங்களும் தங்கள் ரப்பர் ஸ்டாம்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. அதில் என்னை "அம்மையீர்" என்று விளித்து, கீழே தாங்களே கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை "ஏய்" என்றே கூப்பிட்ட வாயிலிருந்து இவ்வளவு மரியாதை வந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "உன் தம்பி பெரிய ஆளாயிட்டான்" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்துவிட்டு, "உனக்கு வேலை போயிடுமா?" என்றார். வேலை போகாது, இனிமேல் பேச்சுத் தேர்வு நடத்த என்னைக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான் என்றேன். "அப்ப நல்லதுதானே" என்று பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்கு நல்லதுதான். அந்த இரண்டு பெண்களுக்குத்தான் நல்லதில்லை. இருவருக்கும் பேச்சில் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். பேச்சில் பூஜ்யம் என்றால் எழுத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மொத்த ஆங்கிலத்திலும் ஃபெயில் என்பது தாங்கள் போட்ட விதி. அதனால் ஒருத்திக்குக் கிடைத்திருக்கும் நர்ஸிங் கல்லூரி இடம் கைவிட்டுப் போகப் போகிறது. அந்தப் பூஜ்யத்தை எடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

விளக்கம் கேட்டீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். இந்த வருடம்தான் முதன்முதலாகப் பேச்சுத் தேர்வு என்று ஆரம்பித்து, அதற்கு எங்களை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துத் தேர்வாளர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே வகுப்பெடுத்தீர்கள். சிரிக்கக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது, ஆட்டினால் பதில் சரி என்று பிள்ளை நினைத்துவிடும். புருவம் உயரக் கூடாது. கேள்வி அட்டையில் அச்சடித்திருப்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிள்ளை எதைச் சொன்னாலும் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். கேள்வி கேட்க ஒருவர், மூலையில் வாயைத் திறக்காமல் மார்க் போட ஒருவர். பேசுவதையெல்லாம் பதிவு செய்து தங்களுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் ஆங்கிலத்துக்கு நான் ஒருத்திதான் என்பதால் மூலைக்குக் கெமிஸ்ட்ரி சாரைப் பிடித்துப் போட்டார்கள். பாவம் மனுஷன், அந்த உணர்ச்சியில்லாத முகத்தை வீட்டில் பயிற்சி செய்து பார்த்திருக்கிறார். என்ன கோபமோ என்று அவர் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம்.

தேர்வுக்கு எங்களுக்குக் கொடுத்த அறை விளையாட்டுச் சாமான் வைக்கிற அறை. ஒரு பக்கம் காற்றுப் போன பந்துகள், மறுபக்கம் கிழிந்த வலை, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டார். தாங்கள் அனுப்பிய படம், நகலுக்கு நகல் எடுத்து, எங்களிடம் வந்து சேரும்போது அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது. படத்தைப் பார்த்துப் பேசு என்றால் முதல் பையன் நல்ல பிள்ளையாக உற்றுப் பார்த்துவிட்டு, இது ராத்திரி நேரம், கரண்ட் இல்லை, குடும்பம் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் தெரியவில்லை என்று அழகான இங்கிலீஷில் சொன்னான். அது கடற்கரையில் ஒரு குடும்பம் என்று தங்கள் விடைக்குறிப்பில் இருந்ததால் அவனுக்கு மார்க் குறைந்தது. அடுத்தவனிடம் அட்டையில் உள்ளபடி, உன் வீட்டில் செல்லப் பிராணி உண்டா என்று கேட்டேன். "மை டாக் டைட் எஸ்டர்டே" என்றான். "தேங்க் யூ" என்றேன். அட்டையில் அடுத்த கேள்வி, உனக்குப் பிடித்த விலங்கு எது என்பது. அவன் என்னையே பார்த்தான். "டாக்" என்றான். அதற்கும் "தேங்க் யூ" என்றேன். அந்த நிமிடம் என் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும், சம்பள உயர்வே கொடுத்திருப்பீர்கள்.

அப்புறம் ரேடியோ வந்தான். ரேடியோ என்பது பட்டப்பெயர், போட்டால் நிறுத்த முடியாது என்பதால். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்றால், காற்று மாசுபடுவதைப் பற்றி டியூஷனில் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கிறான். அவனோடு ஜோடியாக வந்தவன் செய்தித்தாளின் பயன்களை மனப்பாடம் பண்ணியிருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றுலாவுக்குத் திட்டம் போட வேண்டும். இவன் புகையைச் சொல்ல, அவன் பேப்பரைச் சொல்ல, கடைசியில் ஒருத்தனுக்கொருத்தன் "ஐ அக்ரீ வித் யூ" என்று கைகொடுத்துக்கொண்டார்கள். தங்கள் மதிப்பெண் அட்டவணைப்படி தடுமாற்றம் இல்லை, இடைவெளி இல்லை. முழு மார்க். அதைப் பற்றித் தங்களிடமிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை.

சரி, இந்தத் தாங்கள் தங்களெல்லாம் போதும்டா, கை வலிக்குது. இனிமே அக்காவாவே சொல்றேன். அடுத்து வந்ததுங்கதான் நீ பூஜ்யம் போட்ட இந்த ரெண்டும். ஒருத்தி வீட்ல பேக்கரி, அதனால கிளாஸ்ல அவ பேர் பன்னு. இன்னொருத்தியோட அம்மா தையல்காரி, அதனால இவ பேர் ஊசி. சின்ன வகுப்புலேர்ந்து ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ், பாத்ரூமுக்குக்கூட ஒண்ணாத்தான் போகும். பன்னோட அப்பா ஒரு நாள் அடுப்பை அணைச்சுட்டு வீட்டை விட்டுப் போயிட்டாரு. அவ அதை ஊசிகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. ஊசி அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கா. தையல்கார அம்மா அளவெடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிடுச்சு. அவ்வளவுதான், தெருவே பேக்கரி வாசல்ல வந்து நின்னு, ரொட்டி வாங்குற சாக்குல துக்கம் விசாரிச்சிருக்கு. அன்னிக்கு எந்திரிச்சுப் போய்க் கடைசி பெஞ்சுல உக்காந்தவதான் பன்னு, இந்தப் பருவம் முழுக்க ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கலை. நான் ஜோடியை மாத்தச் சொல்லிக் கேட்டேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் ஜோடி, மாத்தக் கூடாதுன்னு உன் விதிப் புத்தகத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்குன்னு பிரின்சிபால் காட்டினாரு. உக்கார வெச்சேன். அட்டையைக் கொடுத்தேன். உங்கள் தோழிக்குப் பிறந்தநாள், என்ன பரிசு வாங்கலாம் என்று இருவரும் பேசி முடிவுக்கு வரவும்.

ரெண்டும் சுவத்தைப் பாக்குது. மோட்டார் மட்டும் பேசுது. அப்புறம் ஊசி மெதுவா, "வாட் கிஃப்ட் ஷல் வி பை?"ன்னா. பன்னு மூஞ்சியைத் திருப்பாமலே, "நோ கிஃப்ட். யூ வில் டெல் த பிரைஸ் டு யுவர் மதர்"னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "மை மதர் வில் நாட் டெல் எனிபடி"ங்குது இது. "யுவர் மதர் வில் டெல் ஃபுல் ஸ்ட்ரீட்! டேப் இஸ் இன் ஹேண்ட், மை ஃபேமிலி இஸ் இன் மௌத்!"ங்குது அது. டேய், என் சர்வீஸ் பூரா இந்தப் பிள்ளைங்ககிட்ட ஒரு முழு வாக்கியம் பேசுங்கடான்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். குட் மார்னிங் டீச்சருக்கு மேல ஒண்ணும் வராது. இன்னிக்கு மடை திறந்துடுச்சு. ஊசிக்கு அழுகை முட்டி நடுவுல தமிழ்ல ஏதோ ஆரம்பிச்சா, பன்னு மேஜையைத் தட்டி, "ஸ்பீக் இன் இங்கிலீஷ்! திஸ் இஸ் எக்ஸாம்!"னா பாரு, கெமிஸ்ட்ரி சார் பேனாவைக் கீழ போட்டுட்டாரு.

மீதியை நான் தமிழ்லயே சொல்றேன், எனக்கு எழுத வரலை. உன்னை என் கூடப்பிறந்தவன்னு நெனச்சேன், நீ என் வீட்டு விஷயத்தைத் தெருவுக்கே வித்துட்டியேன்னு பன்னு சொன்னா. நீ சாப்பிடவே இல்லை, நாலு நாள் டப்பாவைத் திறக்காம வீட்டுக்குக் கொண்டு போனே, எனக்குப் பயமா இருந்துச்சு, எனக்கு யாரைக் கேக்கறதுன்னு தெரியலை, எனக்கு இருக்கறது அம்மா மட்டும்தான்னு ஊசி சொன்னா. என்னைக் கேட்டிருக்கலாமேன்னு அவ. கேட்டா நீ அழுவேன்னு இவ. இப்ப மட்டும் நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்னு அவ. தப்பும் தவறுமா, காலம் மாறி, ஒருமை பன்மை மாறி, அத்தனையும் இங்கிலீஷ்டா. ஒரு வார்த்தைக்குத் திணறலை. நேரம் முடிஞ்சு டைம்பீஸ் மணி அடிச்சுது, நான் அதை அமுக்கிட்டேன். ஊசி விக்கிக்கிட்டு நின்னப்போ நான் வாய்விட்டு, அதுவும் தமிழ்ல, "அழாதம்மா, சொல்லு"ன்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். பதிவுல கேட்டிருப்பே. கெமிஸ்ட்ரி சார் மூக்கு சிந்தினதும் கேட்டிருக்கும், அதையும் ஒரு குற்றமா எழுதியிருக்கியே. கடைசியில பன்னு மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, கிஃப்ட் எல்லாம் வேண்டாம், சாயங்காலம் இவ எங்க வீட்டுக்கு வந்து உக்காந்தா போதும்னா. ஊசி சரின்னா. பன்னு என் பக்கம் திரும்பி, "டீச்சர், வி ஹேவ் டிசைடட்"னா.

முடிவுக்கு வரவும்னுதானே அட்டையில போட்டிருக்கே. ரெண்டும் வந்துடுச்சுங்களே. அன்னிக்கு அந்த அறைக்கு வந்த அத்தனை ஜோடியில உருப்படியா ஒரு முடிவுக்கு வந்தது இந்த ஜோடி ஒண்ணுதான். நாங்க முழு மார்க் போட்டு அனுப்பினோம். நீ என்ன எழுதியிருக்கே? தலைப்பை விட்டு விலகியது. நேரம் கடந்தது. தேர்வாளர் அட்டையில் இல்லாத சொற்களைப் பயன்படுத்தியது. மதிப்பெண் தாள் ஈரமாக இருந்தது. பூஜ்யம். உனக்கு வெக்கமா இல்லையாடா? உனக்கு இங்கிலீஷ் எப்படி வந்துச்சு, சொல்லு பாப்போம். அம்மாவுக்குப் புரியக் கூடாதுன்னு நீயும் நானும் அடுப்படியில இங்கிலீஷ்ல சண்டை போட்டுத்தானே வந்துச்சு? என் பேனாவை உடைச்சுட்டு, உடைக்கவே இல்லைன்னு நீ சாதிச்சப்ப யாராவது உனக்கு அட்டை கொடுத்தாங்களா? அன்னிக்கு உன்னை ஒரு தேர்வாளர் கேட்டிருந்தா பூஜ்யம்தான் போட்டிருப்பார், நீயும் இன்னிக்கு எங்கேயாவது பன்னு வித்துக்கிட்டு இருந்திருப்பே.

பன்னு ஏன் நர்ஸிங் போகணும்னு துடிக்கிறா தெரியுமா? அங்க ஹாஸ்டல் இருக்கு. தெருவுல யாரும் அவளை நிறுத்தி, அப்பாகிட்டேர்ந்து ஏதாவது சேதி வந்துச்சான்னு கேக்க மாட்டாங்க. ஃபெயில்னா அவ அந்தப் பேக்கரிக் கல்லாவுலயே உக்காந்து வர்றவன் போறவனுக்கெல்லாம் பதில் சொல்லணும். உன் பூஜ்யம் அங்க போய்த்தான் விழும். எனக்கு உன்மேல இருக்குற கோபத்துக்கு நேர்ல வந்தா உன் காதைத் திருகிடுவேன், அதனாலதான் தபால்ல வரேன். நியாயமா யோசி. உண்மையாப் பேசினதுக்கு மார்க் போட முடியலைன்னா இந்தத் தேர்வையே தூக்கி அந்தக் காத்துப் போன பந்துங்களோட போட்டுடு. நான் சொன்ன ஒரு எழுத்தைக்கூட மாத்திக்க மாட்டேன். எங்க வேணும்னாலும் வந்து இதையே சொல்லுவேன்.

உன் பெண்டாட்டிக்கு என் அன்பு, உன்னோட காலம் தள்ளுறதுக்குத் தனியாக் கொஞ்சம் அனுதாபம். பிள்ளைங்க ரெண்டுக்கும் என் ஆசி, யாரும் அட்டையை நீட்டாத தொழிலாப் பாத்துப் போகட்டும். உனக்கும் ஆசிதான், எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தோட.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
அம்மையீர்

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள உன் போன் வந்துடுச்சு. அதனால மேல இருக்குறதைப் படிக்காதே. படிச்சிருந்தா கிழிச்சுப் போடு. பூஜ்யத்தை எடுக்க இது ஒண்ணுதான் வழின்னு நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்துட்டேன்: அது சண்டையே இல்லை, வகுப்பில் என்னால் எழுதிப் பயிற்சி அளிக்கப்பட்ட நாடக உரையாடல், மாணவிகள் அதைப் பிழையின்றி ஒப்பித்தார்கள், இது உண்மை என உறுதியளிக்கிறேன். கல்லூரியில சேர வர்ற வாரம் கடைசி நாள்னு பன்னு வந்து நின்னா, நான் வேற என்ன பண்றது? உரையாடலோட பிரதியும் வேணும்னு கேட்டியே, நாங்க மூணு பேரும் உக்காந்து ஞாபகத்துலேர்ந்து எழுதினோம். ஆசிரியை எழுதினதுன்னு போறதால தப்பையெல்லாம் திருத்திட்டேன். இப்ப இலக்கணம் சுத்தமா இருக்கு. உன் கமிட்டி ஒரு தடவை நேர்ல கேக்குமாமே, அதுக்காக முன்ரூம்ல ரெண்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கு. பன்னு இப்பத்தான் உள்ள வந்து, "டீச்சர், இந்த வரியில அழணுமா, சும்மா சொன்னா போதுமா?"ன்னு கேட்டா. சும்மா சொன்னா போதும்மான்னு சொல்லி அனுப்பினேன்.