லண்டன் பவுடரும் எட்டு ஜோடிச் சப்பாத்தும்

ஐம்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் பஸ் நகரவில்லை. கூட்டம் அப்படி. நடுவே புலிவரி ஜட்டியோடு மேசைமேல் நின்றார் புரொபசர் தங்கராஜு. எந்தக் காலேஜ் புரொபசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை அகல மார்புக்குப் படிப்பு வேறு வேண்டுமா?

“லண்டன் புரோட்டீன் பவுடர்! மந்திரம் இல்ல, தாயத்து இல்ல, சுத்தமான சயின்ஸ்! டப்பா அஞ்சு வெள்ளி!”

முன்வரிசையில் மருதப்பன். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. சீர்திருத்தச் சங்கத்தில் தாயத்துக் கட்டியவனைக் கண்டால் டீ ஆறும்வரை பிரசங்கம் செய்கிறவர். இங்கே சாமி படம் இல்லை, டப்பாவில் இங்கிலீஷ் இருந்தது. அவருடைய பகுத்தறிவுக்கு அது போதும். ஏற்கெனவே இரண்டு டப்பா தின்றிருந்தார். வயிறு மட்டும் புஷ்டியாகியிருந்தது.

கிடங்கின் கயிறு இழுக்கும் அணிக்கு அவர்தான் கேப்டன். மூன்று வருஷமாக வெறுங்காலோடு புல்லில் வழுக்கித் தோற்றவர்கள், இம்முறை காலுக்குச் சப்பாத்து வாங்க எட்டுப் பேரும் போட்ட நாற்பது வெள்ளி அவர் பையில் இருந்தது. சனிக்கிழமை போட்டி. நாற்பது வெள்ளிக்குச் சரியாக எட்டு டப்பா! நல்ல சகுனம் என்று நினைத்தார், சகுனம் பார்ப்பவர்களைத் திட்டும் மருதப்பன்.

“சப்பாத்துக் காசுலயாங்க?” என்றாள் காய்கறிக் கூடையோடு நின்ற மனைவி ரத்தினம்மா.

“உனக்கு சயின்ஸ் தெரியாது. பாரு.”

மேசைமேல் ஏறிக் கையை நீட்டினார். புரொபசர் அழுத்தினார், கை தொப்பென்று விழுந்தது. ஒரு கரண்டி பவுடர் வாய்க்குள் போனது. மறுபடி அழுத்தினார், கை அசையவில்லை. ஒரே கைதட்டல். மருதப்பனும் தமக்கே தட்டிக்கொண்டார்.

“மாஸ்டர், அந்தச் சக்தி எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று கேட்டாள் ரத்தினம்மா.

“ஆறு மணி நேரம்மா!”

“அப்ப நான் அழுத்திப் பாக்கறேன். நீங்க முதல்ல மணிக்கட்டுல அழுத்தினீங்க, பவுடருக்கு அப்புறம் முழங்கைகிட்ட வந்துட்டீங்க.”

“அதெல்லாம் சயின்ஸ்லா!”

“சயின்ஸ்னா நான் செஞ்சாலும் வரணும்தானே?”

அவளும் மேசைமேல் ஏறி மணிக்கட்டில் அழுத்தினாள். மருதப்பன் பல்லைக் கடித்தார். பவுடர் பல்லில் ஒட்டியது. கை விழுந்தது. இன்னொரு கரண்டி தின்றார். இன்னொரு முறை விழுந்தது.

அடுத்து, ஒட்டடைக்குச்சி மாதிரி நின்ற பால்காரர் இராமசாமியைக் கூப்பிட்டாள். பவுடர் வாசனைகூடப் படாத கை. முழங்கையருகே அழுத்தினாள். அசையவில்லை.

“அண்ணே எந்த லண்டன்ல வாங்கினீங்க?” என்று எவனோ கத்தினான். கூட்டம் வெடித்தது.

ரத்தினம்மா பவுடரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். “பொட்டுக்கடலை மாவு. சீனி கொஞ்சம் தூக்கல்.”

வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்பதற்குள் புரொபசர் மேசையிலிருந்து குதித்து ஓடினார். அப்போதுதான் மருதப்பன் கவனித்தார்: புரொபசர் காலில் அருமையான ரப்பர் சப்பாத்து. எது உதவும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் எட்டு ஜோடி வாங்கினார்கள். சனிக்கிழமை தோற்றார்கள், ஆனால் இறுதிச் சுற்றில், வழுக்காமல்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் மருதப்பன் பேச எழுந்தார். “தாயத்துக் கட்டினவனைப் பாத்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி, தோழர்களே, உங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. நான் ரெண்டு டப்பா தின்னவன். சாமி இல்லன்னு சொன்ன வாயாலதான் தின்னேன்.”

முதலில் சிரித்தவர் சங்கத் தலைவர். அவர் வீட்டில் மூன்று டப்பா இருந்தது.