பதினாறு சென்டிமீட்டர்

சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டால் சிலருக்குத் தலைகால் புரியாது. அந்தச் சிலரில் நான் முக்கியமானவன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் கிளப்பில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை உண்டு. பத்து வருடம் தினமும் சாயங்காலம் அதில் என்னோடு ஆடியவன் மங்கலம்பேட்டை ஜாஃபர். பிறகு அவன் துபாய்க்குப் போய்விட்டான். எதிரில் அவன் இல்லாமல் எனக்கு ஆட்டமே கசந்தது. கடலூரில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் நடுவராகிவிட்டேன். (ஆட வராதவன்தான் நடுவராவான் என்று என் மனைவி சொல்வதில் பாதிதான் உண்மை.)

நான்கு வருடம் கழித்து ஜாஃபர் லீவில் வந்தபோது கிளப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டம் அவனுக்கும் நல்லூர் செல்வம் வாத்தியாருக்கும். மறுநாள் அவனுக்கு ஃபிளைட். அவன் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகள் ரிஸ்வானா, அப்பா ஆடுவதை முதன்முதலாகப் பார்க்க அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவர், நான்.

சர்வீஸ் போடும்போது பந்தைக் குறைந்தது பதினாறு சென்டிமீட்டர் மேலே வீசி, இறங்கும்போது அடிக்க வேண்டும் என்பது விதி. ஜாஃபரின் சர்வீஸில் பந்து கையை விட்டுக் கிளம்புகிறதா என்பதே சந்தேகம். பத்து வருடம் அந்த சர்வீஸில் தோற்றும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"வார்னிங்."

அவன் சிரித்தான். "எனக்கா மாப்ள?"

"நடுவர்கிட்ட பேசக் கூடாது."

அடுத்த சர்வீஸுக்கு செல்வத்துக்கு ஒரு பாயின்ட் கொடுத்தேன். அதற்கடுத்ததற்கும் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவே அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. வுட்டுடுங்க."

"விதின்னு ஒண்ணு இருக்குதுங்க சார்."

ஜாஃபர் கடுப்பில் பந்தை ஓங்கி வீசினான். அது மின்விசிறியில் பட்டு யார் மடியிலோ விழுந்தது. (அதற்கும் பாயின்ட் போனது. விதி.) கூட்டம் சிரித்தது. ரிஸ்வானா சிரிக்கவில்லை.

"அம்மா, அந்த மாமாவுக்கு அத்தாவைப் புடிக்காதா?"

ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கேட்காத மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செல்வம் இரண்டு கேம் ஜெயித்திருந்தார், ஜாஃபர் ஒன்று. நான்காவது கேமில் ஜாஃபர் ஒன்பது, செல்வம் பத்து; பதினொன்று எடுத்தால் ஜெயம். இதில் ஜாஃபர் தப்பித்தால் ஐந்தாவது கேம் உண்டு. சர்வீஸ் அவனுடையது. பந்து மேலே போனது. எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கை தானாக உயர்ந்துவிட்டது.

"ஃபால்ட்."

ஆட்டம் முடிந்தது. ஜாஃபர் வந்து என் கையைப் பிடித்து, "போயிட்டு வரேன்டா," என்றான். மறுநாள் வழியனுப்ப நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மூன்று வருடமாகிவிட்டது. வீட்டில் மனைவி காபி ஆற்றும்போது டம்ளரை உயர்த்தி, "பதினாறு இருக்குதுங்களா?" என்பாள். பெருநாளைக்கு மங்கலம்பேட்டை போனால், "அம்மா, ஃபால்ட் மாமா வந்திருக்காங்க," என்று ரிஸ்வானா உள்ளே குரல் கொடுப்பாள். நானும் சிரிப்பேன். அந்த வீட்டில் சிரிக்க வேண்டிய இன்னொருவன் அங்கே இருக்க மாட்டான்.

போன மாதம்தான் போனில் அவனிடம் ஒப்புக்கொண்டேன். "அன்னைக்குக் கடைசி பந்த நான் பாக்கவே இல்ல மாப்ள."



"கப்பு போனா போவுதுடா. இன்னொரு கேம் ஆடிட்டுப் போயிருக்கலாம். அதான்."

லீவு எப்போது என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றான்.