மாமியார் பேரில் ஒரு லாரி நாற்காலி

"சார், உங்க மாமியாரோட நாற்காலி எல்லாம் ரெடி. எங்க இறக்கணும்?"

ஃபோர்மேன் இப்படிக் கேட்டதும் சூப்பர்வைசருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

"எந்த நாற்காலிய்யா?"

"மடக்கு நாற்காலிதான். நாம வேற என்னத்தச் செய்யறோம்? ஒரு லாரி நிறைய இருக்கு. வீட்டுல ஏதும் விசேஷமா?"

விசேஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தத் தொழிற்சாலைக்குப் புதிதாக ஈ.ஆர்.பி. என்று ஒரு மென்பொருள் வந்திருந்தது. ஓர் ஆர்டரைத் தட்டிவிட்டால் போதும். எவ்வளவு குழாய் வேண்டும், எந்த மெஷினில் என்றைக்கு வளைக்க வேண்டும், யார் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டு ஆளை ஏவிவிடும்.

சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் இரண்டு திரைகள். ஒன்றுக்குப் பச்சை ஓரம், இன்னொன்றுக்கு நீல ஓரம். ஒன்று நிஜ வேலைக்கு, மற்றது பழகிக்கொள்ள. மற்றபடி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக இருக்கும். எது எதற்கு என்று அவள் விளக்கிய நேரம் பார்த்துத்தான் பிஸ்கட் தட்டு வந்தது. சூப்பர்வைசர் பாதி பிஸ்கட், பாதி பாடமாகக் கேட்டுக்கொண்டார்.

பழகுவதற்காக நீலத்தில் ஓர் ஆர்டர் போட்டார். வாடிக்கையாளர் பெயர் கேட்டது. என்ன செய்தாலும் திருப்தியடையாதவர் என்று யோசித்ததும் மனதில் வந்தது மாமியார்தான். பெயரையும் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டார்.

"பழகத்தானே போட்டேன்! அது எப்படி நிஜமா வரும்? மென்பொருளாம் மென்பொருள்!"

திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போக வேண்டிய நாற்காலிகளை ஏற்ற, மதியம் லாரி வருகிறது. இன்னொரு ஆர்டர் தாமதமானால் சூப்பர்வைசர் வேலை தன் மச்சானுக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். மச்சானோ அலுவலகத்தில் சுழல் நாற்காலியில் சுற்றிச் சுற்றித் தயாராகிக்கொண்டிருந்தார். நல்லவேளை, பள்ளிக்கூட ஆர்டரை சூப்பர்வைசர் பொறுப்பாகப் பச்சையில் போட்டிருந்தார். 'முடிந்தது' என்றே காட்டியது. கிடங்குக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கால் எழுந்தது. "கம்ப்யூட்டர் இருக்கறப்ப கண்ணால பாத்துச் சொல்றவன் எனக்கு வேண்டாம்" என்று முதலாளி கத்தியது ஞாபகம் வர, கால் உட்கார்ந்துவிட்டது.

மாமியாரின் ஆர்டரை ரத்து செய்யப் பார்த்தார். 'சரக்கு தயார், ரத்து செய்ய இயலாது' என்றது.

சரி, தரம் சரியில்லை என்று போட்டார். உடனே அதே அளவு நாற்காலிகளைப் புதிதாகச் செய்யச் சொல்லி மெஷின்களுக்கு உத்தரவு போய்விட்டது. கைபேசி அடித்தது.

"மாப்பிள்ளை, நாற்காலி தரம் சரியில்லன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கே?"

"அது வந்து அத்தை…"

"செய்யறதே செய்யறீங்க, நல்லதாச் செய்யக் கூடாதா? கால் ஆடாம இருக்கணும், ஆமா."

வைப்பதற்குள் முதலாளி வந்து நின்றார். "யாருய்யா அந்த அம்மா? என் ரூம் டி.வி.யில அவங்க பேருதான் சிவப்பா மின்னுது. பெரிய பார்ட்டியா?"

"பெரிய பார்ட்டிதான் சார். நான் பாத்துக்கறேன்."

"லாரி வர்றதுக்குள்ள அந்தச் சிவப்பு போகணும். இல்லேன்னா நீ போ."

மிச்சம் இருந்தது ஒரே வழி. 'உடைத்துக் கழித்தது' என்று பதிய வேண்டும். அதற்கும் அது சும்மா விடுமா? உடைத்த இரும்பை எடை போட்டுக் காட்டு என்றது.

"நல்ல சரக்கு சார். கை வர மாட்டேங்குது" என்றார் ஃபோர்மேன்.

"மாமியாரை நெனச்சுக்கிட்டு அடிய்யா."

"உங்க மாமியாரையா, என் மாமியாரையா?"

"யாரா இருந்தா என்ன, அடி!"

பெயிண்ட் வாசனைகூடப் போகாத நாற்காலிகளைக் கழற்றி, வளைத்து, நசுக்கித் தராசில் ஏற்றினார்கள். சிவப்பு மறைந்தது. புதிய உத்தரவையும் நிறுத்தியாயிற்று. சூப்பர்வைசர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். அமிர்தமாக இருந்தது.

வாசலில் பள்ளிக்கூட லாரியின் ஹாரன் கேட்டது. முதலாளியும் மச்சானும் வெளியே வந்தார்கள். சொல்லிக்கொடுத்த பெண்ணும் கூடவே வந்தாள்.

"ஏத்துங்கப்பா!" என்றார் சூப்பர்வைசர், கம்பீரமாக.

கிடங்குக்காரர் உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். "எதை சார் ஏத்த? நீங்க உடைச்ச இரும்பைத் தவிர உள்ள ஒண்ணுமில்ல."

"என்னய்யா உளர்றே? முடிஞ்சதுன்னு காட்டுதே! இதோ பாருங்க, பச்சையில!"

அந்தப் பெண் குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"சார், பச்சை பழகறதுக்கு. அதுல எதைப் போட்டாலும் முடிஞ்சதுன்னுதான் காட்டும். நிஜமா நீங்க போட்ட ஒரே ஆர்டர் உங்க மாமியாரோடதுதான்."