துஷ்டி வீட்டில் ஒரு பயோடேட்டா

இனிமேல் ராஜபாளையத்தில் யார் செத்தாலும் துஷ்டி கேட்கப் போய்விடுவது என்று பால்ச்சாமி ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தார்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலை தேடத்தான்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ஆறு மணி பஸ். "நான் ஒரு நாள் லீவு போட்டா மில்லே தடுமாறிப்போகும்" என்று மனைவி வெங்கடேஸ்வரியிடம் வாரம் ஒருதரமாவது சொல்லிவிடுவார். போன மாதம் மில்லில் பி யூனிட்டை மூடினார்கள். நாற்பது பேரோடு இவரையும் அனுப்பினார்கள். மில் தடுமாறவில்லை. ஏ யூனிட் முன்னைவிட நன்றாக ஓடுவதாகக் கேள்வி.

இதை எந்த முகத்தோடு வீட்டில் சொல்வது? சொல்லவில்லை. மறுநாளும் அதே ஆறு மணி பஸ்ஸில் ஏறினார். வெங்கடேஸ்வரி கட்டிக் கொடுத்த சோற்றை அய்யனார் கோவில் ஆற்றோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து தின்றார். ஒரு வாரத்தில் அங்கிருந்த குரங்குகளுக்கு இவர் முகம் பழகிவிட்டது.

இன்னொரு சிக்கல் இருந்தது. மில்லிலிருந்து வருகிறவன் தலையில் பஞ்சு இருக்க வேண்டும். காதில் இருக்க வேண்டும். மீசையில் இருக்க வேண்டும். பால்ச்சாமி ஒரு பழைய தலையணையைப் பிரித்து, கை நிறையப் பஞ்சு எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டார். சாயங்காலம் தெருமுனையில் நின்று தலையில் தூவிக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பார். நாற்பத்தாறு வயது மனிதர், நிறுத்தியிருக்கும் பைக் கண்ணாடியில் குனிந்து பார்த்து மீசைக்குப் பஞ்சு ஒட்டும்போது, கண்ணாடியில் தெரிகிறவனைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருக்கும்.

பாறையில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் போனில் அந்த வீடியோ வந்தது. கோட் போட்ட ஒருத்தர் பேசினார். நல்ல வேலை எதுவும் விளம்பரத்தில் வராது. அது மனிதர்களிடம் இருக்கிறது. பெரிய ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போங்கள். போன உடனே வேலை கேட்காதீர்கள். முதலில் நலம் விசாரியுங்கள். பிறகு முப்பது நொடிக்குள் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இதற்குப் பெயர் நெட்வொர்க்கிங்.

மில் மேனேஜர்கள் எங்கே கூடுகிறார்கள்? பால்ச்சாமி யோசித்தார். கல்யாண வீட்டுக்கு வருவார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கோவிலில் கண்ணை மூடிக்கொள்வார்கள். துஷ்டி வீடு அப்படியில்லை. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பந்தலில் அரைமணி நேரம் உட்கார்ந்தே ஆகவேண்டும். போனை நோண்ட முடியாது. சிரிக்க முடியாது. பக்கத்துச் சேரில் இருக்கிறவன் என்ன சொன்னாலும் தலையை ஆட்டித்தான் தீரவேண்டும். கோட்டுக்காரருக்கே இது தோன்றியிருக்காது என்று பால்ச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

தோளில் துண்டு. சட்டைப் பையில் மடித்த பயோடேட்டா. கிளம்பிவிட்டார்.

முதல் வீட்டில், வெள்ளை வேட்டியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் முப்பது நொடியில் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்தார். அவர் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். "தூக்கி எறக்க ஒரு ஆள் வேணும். இடுப்பு நல்லா இருக்குமா?" என்று கேட்டார். இரண்டாவது வீட்டில் இவருடைய துக்கம் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. யாரோ நெருங்கின சொந்தம் என்று நினைத்துப் பாடையின் முன்கொம்பைத் தோளில் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர்கள் எல்லாம் தெருமுனையிலேயே கும்பிட்டுவிட்டுக் காரில் ஏற, இவர் மட்டும் சுடுகாடுவரை சுமந்தார்.

துஷ்டிக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பால்ச்சாமி பின்வாசல் வழியாக வந்து குழாயடியில் குளித்துவிடுவார். குளித்தால் பஞ்சு போய்விடும். அதனால் ஈரத் தலையில் மறுபடி தூவிக்கொண்டு உள்ளே வருவார்.

"என்ன, வந்ததும் வராததுமா குளிக்கிறிய?"

"மில்லுல சூடு தாங்கல."

வெங்கடேஸ்வரி அந்தத் தலையைச் செத்த நேரம் பார்ப்பாள். பிறகு காப்பி எடுத்துவரப் போவாள்.

நாலாவது வாரம், தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. வெள்ளத்தாய், வயது எண்பத்தாறு. மகன் காமராஜ், ராஜபாளையத்திலேயே பெரிய மில் ஒன்றின் ஜெனரல் மேனேஜர். ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில். பால்ச்சாமி அந்தக் கிழவியின் ஆத்மா சாந்தியடைய நிஜமாகவே வேண்டிக்கொண்டார். வேண்டி முடித்ததும் தன் பிழைப்பு இப்படி ஆகிவிட்டதே என்று தலைகுனிந்தார். குனிந்த தலையோடு பயோடேட்டாவுக்குப் புது ஜெராக்ஸ் எடுத்தார்.

பந்தலில் முந்நூறு பேர் இருப்பார்கள். ஆண்கள் வெளியே சேரில், பெண்கள் உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றி. காமராஜுக்குப் பக்கத்துச் சேர் காலியானதும் பால்ச்சாமி போய் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?" என்றார் காமராஜ்.

"தூரத்துச் சொந்தம்."

"எந்த வழியில?"

"அது, ரொம்பத் தூரம் சார்."

காமராஜ் தலையை ஆட்டினார். பால்ச்சாமி நலம் விசாரித்தார். அம்மா கடைசியில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சார், எம் பேரு பால்ச்சாமி. ஸ்பின்னிங்ல இருவத்திரெண்டு வருசம்..."

எட்டு நொடிதான் ஆகியிருக்கும். தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து கான்சாபுரத்துப் பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கினார்கள். முதலில் இறங்கியது வெங்கடேஸ்வரி.

கான்சாபுரம் அவளுடைய பிறந்த ஊர். அந்த ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று அவள் சொல்ல ஆரம்பித்தால், பால்ச்சாமி "ம்" கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவார். வெள்ளத்தாய் என்ற பேரை அப்படி எத்தனை தரம் தூங்கிக் கழித்தாரோ.

இந்நேரம் மில்லில் இருக்க வேண்டிய புருஷனை அவள் ஒரு பார்வை பார்த்தாள். பால்ச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். பயத்தில் வந்த அழுகை என்றாலும் அசல் அழுகை. காமராஜே முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெங்கடேஸ்வரி நேராக உள்ளே போனாள். தப்பித்தோம் என்று இவர் துண்டை எடுத்தார். உள்ளேயிருந்து ஒப்பாரி கிளம்பியது. அவள் குரலுக்கு மைக் வேண்டாம்.

"என்னப் பெத்த பெரியம்மா, எழுந்திரிச்சிப் பாருமம்மா,
சொல்லாமப் போறதுதான் நம்ம சொந்தத்துக்கே வழக்கமா?
மில்ல மூடி மாசமாச்சு, எம் மன்னன் சொல்லலையே,
சோத்து டப்பா கட்டித் தந்தேன், சொகமா அவர் திங்கலையே..."

பந்தலில் பேச்சு நின்றது. டீ கொடுத்துக்கொண்டிருந்தவன் டம்ளரோடு நின்றான்.

"இலவம்பஞ்ச ஒட்டிக்கிட்டு எதுத்தாப்புல வந்தாரே,
மில்லுப் பஞ்சு எதுன்னு இந்த மூதேவிக்குத் தெரியாதா?"

"தெரியாதா ஆத்தா" என்று சுற்றியிருந்த பெண்கள் சேர்ந்து கேட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி பால்ச்சாமியின் தலையைப் பார்த்தார்கள். அவர் கை தானாக மீசையைத் தடவியது. இரண்டு இழை நேற்றையது இருந்தது.

ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. புருஷனுக்குக் கூடக் கிடையாது. பூமி பிளந்தால் சேரோடு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது பால்ச்சாமிக்கு.

"இருவத்திரெண்டு வருசத்துல ஒரு நாளும் குடிச்சதில்ல,
அந்துபோற நூலு ஒண்ண அவரு கை விட்டதில்ல.
மெசினுக்கு நோவுன்னா சத்தத்துல சொல்லுவாரே,
பொஞ்சாதி மனநோவு புரியாமப் போனாரே..."

இந்த இடத்தில் பால்ச்சாமி மறுபடி அழுதார். இந்த முறை பயம் இல்லை.

"பெரியம்மா பெத்த மகன் பெரிய மில்ல ஆளுறாரே,
கூடப்பொறந்த பொறப்புக்கு ஒரு கொறை கேக்க ஆருமில்ல..."

முந்நூறு பேரும் இப்போது காமராஜைப் பார்த்தார்கள். காமராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மெதுவாகக் குனிந்து கேட்டார்.

"உள்ள அழுறது நம்ம வெங்கடேஸ்வரியா?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க எனக்கு மாப்பிள்ள முறை. தூரத்துச் சொந்தம்ங்கிறிய."

பால்ச்சாமி தரையைப் பார்த்தார்.

"பதினாறாம் நாள் விசேசம் முடியட்டும். தங்கச்சியக் கூட்டிக்கிட்டு மில்லுக்கு வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட் கிடைத்தது.

"எப்ப இருந்து தெரியும்?" என்றார் பால்ச்சாமி.

"மொத வாரமே."

"நான் துஷ்டி வீடு வீடாப் போனது?"

"மில்லுக்குப் போயிட்டு வந்து யாரு பின்வாசல்ல குளிப்பா? அதுவும் குளிச்ச தலையில பஞ்சு, சட்டைப் பையில பயோடேட்டா."

"இன்னைக்கு நான் அங்க இருப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த மெசேஜ அனுப்புனதே நாந்தான். பக்கத்து வீட்டுப் பொன்மணி போன்ல இருந்து."

பால்ச்சாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேன் தெருமுனைக்கு வந்து அரைமணி நேரம் நின்னுச்சு. நீங்க காமராஜ் அண்ணன் பக்கத்துல சேரு பிடிச்சு உக்காந்த பொறவுதான் உள்ள விடச் சொன்னேன்."

"அவரு ஒனக்கு அண்ணன்னா ஒரு போனப் போட்டுக் கேட்டிருக்கலாமேட்டி."

"போன்ல கேட்டா பாக்கலாம்னு சொல்லுவாவ. பெத்த தாயக் கெடத்தி வச்சிக்கிட்டு, முந்நூறு பேரு முன்னால பாக்கலாம்னு சொல்ல முடியுமா?"

கோட்டுக்காரர் வீடியோவில் இப்படி ஒரு பாடம் இல்லவே இல்லை.

"அப்ப அந்த அழுகை?"

"பெரியம்மாவுக்குப் பாதி. எனக்குப் பாதி." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். தெனமும் டப்பாவக் கட்டிக் கொடுத்துட்டு, இத எந்தத் தெருவுல உக்காந்து திங்கிறாவளோன்னு நானும் சரியா சாப்பிடல."

"வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்ட என்ன வெக்கம்?"

வேலை போன அன்றைக்கு இருந்த வெட்கத்தைவிட இது பெரிதாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அவள் பக்கம் திரும்பாமல், அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பதினாறு கழிந்தது. இருவரும் மில்லுக்குப் போனார்கள். பால்ச்சாமி சலவைச் சட்டை போட்டு, ஷூ போட்டு, முப்பது நொடிப் பேச்சை நன்றாகப் பாடம் பண்ணியிருந்தார். காமராஜ் காப்பி வரவழைத்தார்.

"நேரா விசயத்துக்கு வாரேன். நம்ம மில்லு ஹாஸ்டல்ல இருநூறு பொண்ணுங்க. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்குதுக. ரெண்டு வார்டன் ஓடிப்போயாச்சு. அன்னைக்குப் பந்தல்ல முந்நூறு பேர வாயத் தொறக்க விடாம வச்சிருந்ததே தங்கச்சி, அதப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன். திங்கக்கெழமையே வந்து சேந்துரட்டும்."

பால்ச்சாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அது தனக்கில்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், எனக்கு?"

"பாக்கலாம் மாப்ள. சூப்பர்வைசர் எடம் ஒண்ணு காலியாகும்போல இருக்கு. ஆனா இங்க ஒரு நடைமுறை. உள்ள வேலை பாக்குற ஒருத்தர் சிபாரிசு பண்ணுனாத்தான் பயோடேட்டா எங்கிட்ட வரும். தங்கச்சிட்ட கொடுத்துட்டுப் போங்க."

பால்ச்சாமி பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எழுந்து நின்று இரண்டு கையாலும் மனைவியிடம் கொடுத்தார். வெங்கடேஸ்வரி அதை விரித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"ஒங்களப் பத்தி விசாரிக்கத் தெரிஞ்சவங்கன்னு ரெண்டு பேரு போட்டிருக்கிய. ரெண்டு பேருமே செத்துட்டாவளே."

"அவங்க துஷ்டிக்குத்தான் போயிருந்தேன்" என்றார் பால்ச்சாமி, சின்னக் குரலில்.

அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"சரி, போயிட்டு வாங்க. பாத்துட்டு நாங்க கூப்பிடுதோம்."