மாப்பிள்ளை பார்க்க நான் விளையாடிய நாலு கேம்

பாகூர்,
திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் செந்தில்நாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் ஏகநாதன் கைகூப்பி எழுதியது. இங்கு நான், தங்கள் தங்கை கோகிலாம்பாள், மகள் யாமினி மூவரும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை. அதன் காரணம் பின்னால் வருகிறது. மடுகரையில் தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைக்க வேண்டாம். போனில் நீங்கள் "சொல்லு மாப்ள" என்று ஆரம்பித்து, நீங்களே எல்லாவற்றையும் சொல்லி, நீங்களே வைத்தும் விடுகிறீர்கள். கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விஷயம், நீங்கள் யாமினிக்குக் கொண்டுவந்த மண்ணாடிப்பட்டு சம்பந்தம். பையனுக்கு சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருந்தீர்கள். பெண் பார்க்க வந்த அன்று, தம்பி தமிழ்க்குமரனிடம் என்ன வேலை என்று நானே விசாரித்தேன். "வீடியோ கேம் பண்றேன் சார்" என்றார். அது ஆபீஸ் முடிஞ்சப்புறம், ஆபீஸ்ல இன்னா பண்றீங்கன்னு கேட்டேன். ஆபீஸ்லயும் அதேதான் என்றார். கால்நடை மருந்தகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மாட்டுக்கு ஊசி போட்டு ரிட்டையர் ஆனவனுக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். என் முகம் போன போக்கைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. விளையாடிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், பார்க்காமலே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நானும் தொட்டுப் பார்க்காமல் எந்த மிருகத்துக்கும் மருந்து எழுதினவன் இல்லை. சரி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டிவியில் மாட்டுகிற பெட்டி ஒன்றும், கையில் பிடித்து அமுக்குகிற சாமான் இரண்டும் எடுத்துக்கொண்டு, வில்லியனூரில் பஸ் மாறி வந்து இறங்கிவிட்டார். அதிலிருந்து வாராவாரம் வருகிறார்.

முதல் கேம் துப்பாக்கி கேம். நூறு பேரை விமானத்திலிருந்து ஒரு தீவில் தள்ளிவிடுகிறார்கள். ஒருத்தனை ஒருத்தன் சுட வேண்டுமாம், கடைசியில் மிச்சம் இருக்கிறவன் ஜெயித்தானாம். என் அபிப்பிராயம் என்னவென்றால், அது ஊரே இல்லை. அத்தனை வூடு இருக்கு, ஒரு வூட்டுலயும் கோழி இல்லை, நாய் இல்லை, ஒரு சாணி உருண்டை கூட இல்லை. மாடில்லாத ஊருக்கு எதுக்குடா சண்டை போடறீங்கன்னு வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். காதில் மாட்டியிருந்த மைக் வழியாக அது என் கோஷ்டியில் இருந்த மூன்று பையன்களுக்கும் கேட்டிருக்கிறது. நான் மாட்டு ஆஸ்பத்திரிக்காரன் என்று தெரிந்ததும், சேலத்துப் பையன் ஒருவன் தன் நாய்க்குட்டி ரெண்டு நாளாக வாந்தி எடுப்பதாகச் சொன்னான். தடுப்பூசி போட்டியா, வாந்தியில் புழு இருந்ததா, தண்ணி குடிக்குதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். மற்ற ரெண்டு பேரும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்கள். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் நாலு பேரையும் சுட்டுவிட்டார்கள். இருந்தாலும் குட்டி பிழைத்துவிட்டதாக மறுவாரம் அந்தப் பையன் செய்தி அனுப்பினான். ஆகவே அந்த கேமில் நான் ஜெயித்ததாகவே கணக்கு.

இரண்டாவது கார் ரேஸ். இதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, ஏனென்றால் உங்கள் தங்கை என் கையில் கொடுக்கவே இல்லை. சைக்கிள் மிதிக்கத் தெரியாத பொம்பளை, மச்சான். குழம்பு கொதிக்கும்போது வந்து உட்கார்ந்தாள். எதிர்ல வர்றவனை இடிச்சா, பக்கத்துல போறவனையும் இடிச்சா, போலீஸ் வண்டியைக் கடல்ல தள்ளினா, கடைசில மூணாவதா வந்துட்டா. குழம்பு தீஞ்சுபோச்சு. அது தீஞ்சதுக்கும் நான்தான் காரணம்னு சொன்னா. இருபத்தெட்டு வருஷமா இவ பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கேனேன்னு நினைச்சா இப்பத்தான் பயமா இருக்கு. சின்ன வயசில் இவள் எப்படி என்று நீங்கள் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது குதிரை கேம். தொப்பி போட்டவன் ஒருவன் குதிரையில் போய் பேங்கைக் கொள்ளையடிக்க வேண்டும். நான் கொள்ளையடிக்கவில்லை. பத்து நாளாகக் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, லாடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தவன் தொழில் தெரிந்தவன், மச்சான். ஈ உட்கார்ந்தால் தோலை மட்டும் சிலுப்புகிறது, மற்றபடி அசைவதில்லை. பதினோராம் நாள் தடவிக்கொடுக்கப் போய்ப் பட்டனை மாற்றி அமுக்கிவிட்டேன். தொப்பிக்காரன் குதிரை முகத்திலேயே ஒரு குத்து விட்டான். அது கத்திக்கொண்டு ஓடியது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு மிருகத்தையும் நான் கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். பெட்டியை வந்து எடுத்துட்டுப் போங்க, இது மனுஷன் ஆடற ஆட்டம் இல்லைன்னு சொல்லிட்டேன். அவர் பதறவில்லை. குதிரை திரும்பி வரும், வந்ததும் தடவிக்கொடுத்தால் மன்னித்துவிடும் என்றார். வந்தது. மன்னித்தது. அது அவர் கம்பெனி குதிரை இல்லையாம்.

அவர் கம்பெனி கேம்தான் நாலாவது. விவசாய கேம். அதில் மாடுகள் நடப்பது, படுப்பது, எழுந்திருப்பதெல்லாம் அவர் செய்தது. பெருமையாகக் காட்டினார். பசு படுத்தது. எழுந்தது. முன்னங்காலை முதலில் ஊன்றி எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தம்பி, அது பசு இல்ல, குதிரை" என்றேன். பசுவானால் முன்னால் முட்டி போட்டு, பின்பக்கத்தை முதலில் தூக்கும், அப்புறம்தான் முன்கால். மூணு வருஷமாக லட்சக்கணக்கான பேர் விளையாடியிருக்கிறார்கள், ஒருத்தரும் சொல்லவில்லையே என்றார். இந்த இடத்திலேயே நான் சம்பந்தத்தை முறித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசு எழுந்திருக்கத் தெரியாத வூட்டுல பொண்ணைக் குடுத்துட்டு இன்னா பண்றது? ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே பார்க்கலாம் என்று வாசலில் நின்றார்.

என் மொபெட்டில் குருவிநத்தம் போனோம். எனக்குப் பழக்கமான குழந்தைவேல் தொழுவத்தில் கறவை மாடு ஒன்று படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. தம்பி எதிரில் வைக்கோலில் குப்புறப் படுத்து, போனை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு, மாடு எங்களையே பார்க்கிறது, எழுந்திருக்கவில்லை. தட்டி எழுப்பலாம் என்றார் குழந்தைவேல். வேண்டாம், அதுவாக எழுந்தால்தான் சரியாக இருக்கும் என்றார் தம்பி. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போன சந்தோஷத்தில், நானே காட்டறேன்னு சொல்லி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நாலு காலில் இறங்கி, முட்டி போட்டு, பின்பக்கத்தைத் தூக்கினேன். தூக்கினது தூக்கினதுதான், இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மேலயும் வரல, கீழயும் போவல. குழந்தைவேல் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பிடித்து நிமிர்த்துகிற நேரத்தில், இதென்னடா கூத்து என்று மாடு எழுந்து நின்று பார்த்தது. தம்பி ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைப் படம் எடுத்தார். என்னையும் எடுத்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து, நேற்று அந்த விவசாய கேமுக்குத் தம்பி செய்த திருத்தம் பெட்டியில் வந்து இறங்கியது. திறந்து பார்த்தேன். பசு முட்டி போட்டது, பின்பக்கத்தைத் தூக்கியது, ஒரு நொடி அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டாற்போல் நின்று, பெருமூச்சு விட்டு, பிறகு எழுந்தது. அது மாடு இல்லை, நீங்கதான் என்று கோகிலாம்பாள் சொல்கிறாள். எந்த ஊரில் எவன் விளையாடினாலும் அந்தப் பசு நான் எழுந்த மாதிரிதான் எழுந்திருக்கப்போகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்தகத்தில் நான் தப்பென்று சொல்லக் கேட்டுத் திருத்திக்கொண்ட மனுஷனை நான் பார்த்ததில்லை, டாக்டர்கள் உட்பட. ஆகவே மச்சான், எனக்குப் பூரண சம்மதம். நிச்சயதார்த்தத்துக்குத் தையில் நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், உங்கள் கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நாள் வந்துவிட்டது என்ற நினைவூட்டலும் சேர்வதாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ஏகநாதன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி யாமினியிடம் ஒட்டாமல் கொடுத்தது என் தப்பு. நின்ற இடத்திலேயே முழுவதும் படித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த மறுநாளே அவளும் தம்பியும் போனில் பேசி, ஒத்துவராது என்று சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார்களாம். கேம் பேச்சென்றால் இவளுக்குக் கொட்டாவி வருகிறதாம், வேறு பேச்சென்றால் அவருக்கு வருகிறதாம். அப்புறம் எதுக்குடி அவரு வாராவாரம் வராருன்னு கேட்டேன்.

"உன்னப் பாக்கத்தான்பா வராரு" என்றாள்.

எனவே நாள் பார்க்க வேண்டாம். வேறு நல்ல வரன் இருந்தால் யாமினியையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மச்சான், ஒன்று. கோபத்தில் மண்ணாடிப்பட்டு போய் அவர்கள் வீட்டில் எதையாவது பேசி வைத்துவிடாதீர்கள். வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் எருமை பாக்கப் போறோம்.